பேர் நாய், இனம் அணில்: சவுத் டகோட்டாவில் நான்கு நாள்

ஜூன் 19, 2019, புதன் இரவு. மினியாபொலிஸ்

காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். தூக்கம் வரவில்லை. சரி, இதையாவது எழுதலாம்.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜையில் ஒருவர் இருக்கிறார். வயது 61. ஒவ்வொரு ஜூனிலும் சில நாள் காணாமல் போவார். திரும்பி வரும்போது பின்கழுத்து மட்டும் செங்கல் நிறத்தில் இருக்கும். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "பிரெய்ரி நாய் சுட" என்பார். முதல் வருடம் பயந்தே போனேன். அப்புறம்தான் தெரிந்தது, அது நாயே இல்லை. புல்வெளியில் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக வாழும் தரை அணில். ஆபத்து என்றால் நாய்க்குட்டி மாதிரி கத்தும், அதனால் வந்த பேர். 1804-இல் லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு ஆய்வுப் பயணிகள் மேற்கே போகும் வழியில் ஒரு வளைக்குள் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஊற்றி ஒன்றை உயிரோடு பிடித்திருக்கிறார்கள். அடுத்த வருடம் உயிருள்ள ஒன்றை ஜனாதிபதி ஜெஃபர்ஸனுக்கு அனுப்பியும் வைத்தார்கள்.

இந்த வருடம் "நீயும் வாயேன்" என்றார். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பியும் தொற்றிக்கொண்டான். அவனுக்குத் துப்பாக்கி பற்றி எல்லாம் தெரியும். எல்லாமே பப்ஜியில் கற்றது.

இரவு எட்டு மணிக்கு அந்த ஆபீஸ் நண்பரிடமிருந்து போன். "நீங்கள் இருவரும் என்ன விசா?" எச்-1பி என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. எங்களைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உடனே உட்கார்ந்து சவுத் டகோட்டாவின் வெளிமாநிலத்தார் உரிமத்தை வலைத்தளத்தில் வாங்கினோம். ஆளுக்கு 40 டாலர், பத்து நிமிட வேலை. ஊரில் ரேஷன் கார்டில் முகவரி மாற்ற நான் நடந்த நடை நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "அணிலையா சுடப் போறீங்க? ராமர் தடவிக்குடுத்த அணிலை?"

இதன் முதுகில் கோடு கிடையாது என்றேன்.

"கோடு இல்லைன்னா சுடலாமா?"

பதில் இல்லை. இருந்தாலும் மூன்று பேருக்கும் புளியோதரை கட்டிவைத்திருக்கிறாள்.

ஜூன் 20, வியாழன். வால்

ஊர் பேர் வால். ஆங்கிலத்தில் சுவர் என்று அர்த்தம். கறுப்பு வால் பிரெய்ரி நாயைத் தேடி வால் என்ற ஊருக்கு வந்திருக்கிறோம் என்று நானும் தம்பியும் சிரித்ததை நண்பருக்கு விளக்க ஐந்து நிமிடம் ஆனது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சுமார் 530 மைல். மிட்சல் என்ற ஊரில் சோள அரண்மனை என்று ஒரு கட்டடம் இருக்கிறது. சுவர் முழுக்கச் சோளக்கதிரை ஒட்டிப் படம் வரைந்திருக்கிறார்கள். பத்து நிமிடம் பார்க்கலாம். சேம்பர்லினில் மிசூரி ஆறு பழுப்பாக, நிறைந்து ஓடியது. இந்த வருடம் இங்கே மழை கொட்டித் தீர்த்திருக்கிறது. ஆற்றைத் தாண்டியதும் மரங்கள் முடிந்துபோகின்றன. அப்புறம் புல், புல், மறுபடியும் புல். ஜூன் கடைசியில் காய்ந்து மஞ்சளாகத் தொடங்கியிருக்க வேண்டியது இன்னும் தஞ்சாவூர்ப் பச்சையில் இருந்தது. "இது நமக்கு நல்லதில்லை" என்றார் நண்பர். புல் உயர்ந்தால் பிராணி தெரியாது.

ஓய்விடத்தில் புளியோதரை. நண்பர் முள்கரண்டியால் சாப்பிட்டார். இரண்டாம் வாயிலேயே கண் கலங்கியது. ஆனால் விடவில்லை. வேர்க்கடலையை மட்டும் பொறுக்கிக் கடைசியில் சாப்பிட வைத்துக்கொண்டார், என் பையன் செய்வது மாதிரியே. மர்டோ தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. வயிறு மட்டும் பழைய நேரத்திலேயே இருந்தது.

முதல் பிரெய்ரி நாயைச் சுடுவதற்கு முன்பே அதற்குச் சாப்பாடு போட்டுவிட்டேன். நெடுஞ்சாலையில் 131-ஆம் விலகுபாதைப் பக்கம் ஒரு கடை. வாசலில் 12 அடி உயரத்துக்குப் பிரெய்ரி நாய்ச் சிலை. பின்னால் உள்ள வெளியில் நிஜப் பிராணிகள். கடையில் கடலை வாங்கி அவற்றுக்குப் போடலாம். இறங்கினோம். கீரியைவிடக் குட்டை, நல்ல தொந்தி, மண் நிறம். பின்கால்களில் எழுந்து நின்று இரண்டு கையாலும் கடலையைப் பிடித்துக்கொண்டு, நம் வீட்டு மதிலில் அணில் கொய்யாப்பழம் கடிக்குமே, அப்படியே கடித்தது. குட்டிகளும் வெளியே வந்திருந்தன. ஒன்று என் ஷூ லேஸை இழுத்துப் பார்த்தது. தம்பி வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினான்.

நண்பர் காரை விட்டு இறங்கவே இல்லை. "சுடப் போகும்போது அங்கே இறங்கமாட்டேன்" என்றார், அவ்வளவுதான்.

வால் ஊருக்கே பெயர் வாங்கிக்கொடுத்தது வால் டிரக் என்ற கடை. 1931-இல் ஹஸ்டெட் என்பவர் வாங்கிய சின்ன மருந்துக்கடை. வியாபாரம் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, சாலையில் போகிறவர்களுக்கு ஐஸ் தண்ணீர் இலவசம் என்று பலகை வைத்தார்கள். அதில் பிடித்துக்கொண்டது. வழிநெடுக அந்தப் பலகைகள்தான். நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். காபி இன்னமும் 5 சென்ட், அதாவது மூன்றரை ரூபாய். ஊரில் டீயே பத்து ரூபாய். காபி சுமார்தான், டோனட் பிரமாதம். நான் மூன்று சாப்பிட்டேன். நண்பர் கோப்பைக்கு ஐந்து சென்ட் என்று கணக்காகப் பெட்டியில் போட்டார், யாரும் பார்க்காதபோதும்.

இப்போது மோட்டல் அறை. கட்டில் மேல் துண்டு விரித்து ஐந்து துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருக்கிறார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பாடம் நடந்தது.

தம்பி எடுத்த எடுப்பில் கேட்டான், "பப்ஜில வர்ற ஏடபிள்யூஎம் துப்பாக்கி மாதிரி பெரிசு ஒண்ணும் இல்லையா அண்ணே?" மொழிபெயர்த்துச் சொன்னேன். நண்பர் சிரித்தார். மான் வேட்டைக்காரன் ஒரு நாளைக்கு ஒரு தடவை சுடுவான், இரண்டு தடவை சுடுவான். அவனுக்குத் தோளில் சுமந்து நடக்க லேசான துப்பாக்கி வேண்டும், ஒரே அடியில் சாய்க்கப் பெரிய குண்டு வேண்டும். இங்கே ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு நாளில் 200 தடவை சுடுகிறோம். எடுத்துச் சுமக்கும் வேலை இல்லை, அதனால் குழல் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. சூடு மெதுவாக ஏறும். உதை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தோளுக்காக மட்டும் இல்லை. "சுட்டதும் குறிபார்க்கிற ஸ்கோப் எகிறினால் குண்டு எங்கே போய் விழுந்தது என்று நீ பார்க்க முடியாது. பார்க்க முடியாவிட்டால் திருத்த முடியாது."

22, 223, 22-250 என்று மூன்று தோட்டாக்களின் பேர்கள் சொன்னார். மூன்றின் குண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன், கால் அங்குலத்துக்கும் குறைவு. வித்தியாசம் பின்னால் எவ்வளவு வெடிமருந்து என்பதில்தான். 22 லாங் ரைஃபிள் சின்னப் பையன்கள் தகரடப்பா சுடுவது. அதற்கு 75 கஜம் தாண்டினால் தடுமாற்றம். வேகம் குறைவு என்பதால் குண்டு உடையாமல் தெறித்துக்கொண்டும் போகும். 223 ராணுவத் தோட்டாவின் கூடப்பிறப்பு. வினாடிக்கு 3,200 அடி, 300 கஜம் வரை ராஜா. 22-250 இன்னும் வேகம், 3,600-க்கு மேல். 250 சாவேஜ் என்ற பழைய தோட்டாவின் கழுத்தை நெரித்து 22 குண்டைச் செருகியதால் அந்தப் பேர். இன்னொன்று 17 எச்எம்ஆர், 2002-இல் வந்தது. அதன் குண்டு 17 கிரெயின், நம் கணக்கில் ஒரு கிராம் சொச்சம். ஒரு மூக்குத்தி எடை!

223-இல் இரண்டு வைத்திருந்தார். எதற்கு ஒரே மாதிரி இரண்டு? "ஒன்று ஆறுவதற்கு."

தோட்டாக்களை அவரே குளிர்காலத்தில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார். ஒரு பவுண்டு மருந்தில் 7,000 கிரெயின். 223 ஒரு தடவைக்கு 25 சாப்பிடும், 22-250 சுமார் 36. அதாவது ஒரே டப்பாவில் ஒன்றுக்கு 280 தடவை, மற்றதுக்கு 190. கடையில் வாங்கினால் 223 ஒன்று அரை டாலர், 22-250 ஒரு டாலருக்கு மேல். 17 கால் டாலர்தான், ஆனால் அதை மறுபடி நிரப்ப முடியாது. மருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை நசுங்கினால் கூடு தீர்ந்தது.

மொத்தம் 900 தோட்டா. என் தலை சுற்றுகிறது. படுக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி. பண்ணை

பின்கழுத்து எரிகிறது. செங்கல் நிறத்தின் ரகசியம் புரிந்துவிட்டது.

வாலிலிருந்து முக்கால் மணி நேரம், பாதி தார், பாதி சரளை. அரசாங்கப் புல்வெளி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கொனாடா பள்ளத்தாக்குப் பக்கம் சுடக்கூடாது. கறுங்கால் ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணி அங்கே இருக்கிறது. அதற்குச் சாப்பாடே பிரெய்ரி நாய்தான். பூண்டோடு அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. அப்படித்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது. மிஞ்சியதைப் பிடித்து, குட்டி போடவைத்து, கொனாடாவில் கொண்டுபோய் விட்டார்கள். 2008-இல் பிளேக் வந்து பிரெய்ரி நாய்கள் கும்பல் கும்பலாகச் செத்தன, கூடவே ஃபெரெட்டுக்கும் திண்டாட்டம். இப்போது வளை வளையாகப் போய்த் தெள்ளுப்பூச்சி மருந்து தூவுகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மருந்து தூவிக் காப்பாற்றுகிற உயிர், இந்தப் பக்கம் காசு செலவழித்துச் சுடுகிற உயிர்.

பண்ணைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். தொப்பியைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கேட்காமலே காபி ஊற்றினார். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை. முதலில் கேட்டது, "உங்கள் ஊரில் மழை எப்படி?" விவசாயி எங்கேயும் விவசாயிதான்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், நெல் என்றேன். எலி உண்டா என்றார். உண்டாவா! கதிர் வரும் நேரத்தில் கிட்டி வைப்பவர் ஒருவர் வருவார். மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய பொறி. ராத்திரி வரப்பு ஓரம் நட்டுவிட்டுப் போவார். காலையில் எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு கொடுப்பார் தாத்தா. நான் வாலைப் பிடித்துத் தூக்கி எண்ணியிருக்கிறேன், அருவருப்பே இல்லாமல். இதைச் சொன்னதும் பெரியவர் கிட்டியின் படத்தை ஒரு காகிதத்தில் வரையச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் கணக்கு எளிது. மாடு தின்ன வேண்டிய புல்லை இது தின்கிறது. சுடுவதால் குறையுமா என்றேன். "குறையாது" என்றார் உடனே. இலையுதிர்காலத்தில் துத்தநாக பாஸ்பைடு தடவிய ஓட்ஸ் வைத்தால்தான் குறையும். அதற்குச் செலவு ஆகும். சுட வருகிறவர்கள் கொஞ்சம் குறைத்துவிட்டு, கையில் கொஞ்சம் கொடுத்துவிட்டும் போகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மேட்டில் சுழல் மேஜை, மணல் மூட்டைகள். காதில் அடைப்பான், அதற்கு மேலே மஃப். எதிரே மேடு இருக்கிற பக்கம் மட்டும் சுட வேண்டும், வானம் தெரிகிற பக்கம் ஒருபோதும் கூடாது. மாடு எங்கே, வீடு எங்கே என்று நண்பர் முதலில் காட்டினார். வளைகளில் குடியிருக்கும் சின்ன ஆந்தைகளையும் காட்டினார். அவற்றைச் சுட்டால் சிறை. ஆந்தையும் எழுந்து நிற்கும் பிராணியும் தூரத்தில் ஒரே உருவம். நான் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை பார்த்தேன்.

காலையில் காற்று இல்லை. 17-இல் ஆரம்பித்தேன். படக் என்று ஒரு சத்தம், தோளில் ஒன்றுமே தெரியாது. நூறு கஜத்தில் முதல் நான்கு குண்டும் மண்ணில். ஐந்தாவது மண்ணில் இல்லை.

ஸ்கோப் அசையவே இல்லை. அதனால் எல்லாம் தெரிந்தது. நேற்றுக் கடலை தின்ற அதே கைகள். அதற்கு மேல் அதை இங்கே எழுதப் போவதில்லை. பக்கத்து வளையிலிருந்த ஒன்று தலையைப் பின்னால் எறிந்து, துள்ளி, "யீ-யிப்" என்று கத்தியது. அடுத்தது கத்தியது, அதற்கடுத்தது, அலை மாதிரி. ஐந்து நிமிடத்தில் மறுபடி வெளியே வந்து மேய ஆரம்பித்துவிட்டன. எண்ணிக்கையை நண்பர் ஒரு சின்ன நோட்டில் குறிக்கிறார். என் பக்கத்தில் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. மூக்குத்தி காற்றுக்குத் தாங்குமா? மணிக்கு பத்து மைல் குறுக்குக் காற்றில் 200 கஜம் போவதற்குள் அந்தக் குண்டு ஒரு அடிக்கு மேல் ஒதுங்கிவிடும். 223-க்கு மாறினோம். அதே காற்றில் 300 கஜத்துக்கு அது ஒதுங்குவது ஒரு அடிக்குள்தான். என் இடப்பக்கம் உட்கார்ந்து நண்பர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்: வலது பக்கம் ஒரு சாண், கொஞ்சம் கீழே. சாண் என்பது என் மொழிபெயர்ப்பு.

பதினைந்து தடவை சுட்டதும் குழலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இட்லித் தட்டு. உடனே தோட்டா போடும் கதவைத் திறந்து வைத்து அந்தத் துப்பாக்கிக்கு ஓய்வு, அடுத்தது மேஜைக்கு. சூட்டிலேயே சுட்டுக்கொண்டிருந்தால் குழலின் உள்வாய் தேய்ந்துபோகும். மருந்து அதிகம் என்பதால் 22-250-க்கு இந்த நோய் சீக்கிரம் வரும். போதாததற்குச் சூடான குழலிலிருந்து எழும் காற்றில் ஸ்கோப்புக்கு முன்னால் கானல் ஆடுகிறது. தரையிலிருந்து எழுவது வேறு. நண்பகலில் 300 கஜத்துக்கு அப்பால் இருந்த அத்தனையும் தண்ணீருக்குள் நின்றன. கானல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுவே காற்றின் திசை என்று நண்பர் சொன்னார். இந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது.

குண்டு விஷயத்திலும் ஒரு பாடம். செம்புச் சட்டை முழுக்கப் போர்த்திய ராணுவக் குண்டு மலிவு, ஆனால் கெட்டித் தரையில் பட்டு எகிறி எங்கேயோ போகும். இவர் போடுவது மெல்லிய சட்டை, நுனியில் பிளாஸ்டிக் முனை. மண்ணைத் தொட்டாலே பொடியாகிவிடும். பக்கத்தில் மாடும் மனிதரும் இருக்கிற இடத்தில் இதுதான் முறை. ஆனால் பொடியாவது ஈயம். மதியம் இரண்டு பருந்துகள் வந்து செத்துக் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு போயின. ஈயத்தையும் சேர்த்துத்தானே? கேட்டேன். செம்பிலேயே செய்த குண்டு இருக்கிறது என்றும், விலை கூட, தன் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை என்றும் சொன்னார். அந்தப் பதில் எனக்கு ஒத்துவரவில்லை.

தம்பி காலையில் இரண்டு தடவை சுட்டான். இரண்டாவது பட்டது. அப்புறம் எழுந்துபோய்த் தூரம் அளக்கும் கருவியை வாங்கிக்கொண்டு நாள் முழுக்கத் தூரம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். "இருநூத்திப் பதிமூணு, அண்ணே." ஒரு தடவை இரண்டு வகைத் தோட்டாப் பெட்டிகளையும் ஒரே மேஜையில் திறந்து வைத்துவிட்டான். நண்பர் கத்தியது அப்போது ஒருமுறைதான். மேஜையில் எந்தத் துப்பாக்கியோ அதன் தோட்டா மட்டும்தான் இருக்க வேண்டும். பையன் முகம் சுண்டிவிட்டது. பத்து நிமிடம் கழித்து நண்பரே தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

சாயங்காலம் திரும்பி நடக்கும்போது ஒரு வளை வாசலில் விரியன் மாதிரி ஒன்று சுருண்டு, வாலை ஆட்டிச் சத்தம் போட்டது. கிலுகிலுப்பைப் பாம்பு. மூவரும் ஒரு பெரிய அரைவட்டம் அடித்து வந்தோம்.

இரவு பண்ணை வீட்டில் சாப்பாடு. மாட்டுக்கறி வறுவல், உருளைக்கிழங்கு. தம்பி சாப்பிடமாட்டான் என்று தெரிந்ததும் அந்த அம்மா பதறாமல் நான்கு முட்டை பொரித்துவிட்டார். அப்புறம் ரூபார்ப் பை. செலரித் தண்டு மாதிரி இருக்குமே, அதைச் சர்க்கரை போட்டு மாவுக்குள் வேகவைப்பது. புளிச்சக்கீரையும் மாங்காய்ப் பச்சடியும் சேர்ந்த புளிப்பு. இரண்டு துண்டு கேட்டு வாங்கினேன். எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. மேற்கே மேகம் கறுக்கிறது.

ஜூன் 22, சனி. வால்

இரவு இடியும் ஆலங்கட்டியும். காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. ஆனால் பண்ணைச் சாலை இல்லை. இந்த மண்ணுக்கு இங்கே கம்போ என்று பேர். நம் ஊர்க் களிமண்ணுக்கு அண்ணன். சக்கரத்தில் ஒட்டி, ஒட்டியதில் இன்னும் ஒட்டி, கடைசியில் சக்கரமே சுற்றாது. கேட்டைத் தாண்டி நூறு அடியில் சிக்கினோம். இறங்கித் தள்ளியதில் என் ஒரு ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. பெரியவர் டிராக்டரில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் சங்கிலி மாட்டி இழுத்தார். முடிந்ததும் சொன்னது: "புல்லுக்கு நல்ல மழை."

சாயங்காலம் வரை மண் காயாது. சரி என்று பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போனோம். இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் 62 வயதுக்கான முதியோர் பாஸ் கிடைத்திருக்கும் என்று நண்பர் வாசலில் புலம்பினார். உள்ளே சீடர் பாஸ் உணவகத்தில் இந்தியன் டாக்கோ. இந்தியன் என்றால் நாம் இல்லை, இந்த மண்ணின் பழங்குடிகளான லகோட்டா மக்கள். கோதுமை மாவைப் பொரித்த பெரிய ரொட்டி மேல் காட்டெருமைக்கறி, பீன்ஸ், சீஸ். ரொட்டியை மட்டும் கிள்ளித் தின்ற தம்பி, "அண்ணே, சோலாப்பூரி!" என்றான். ஏறக்குறைய சரிதான்.

பூங்காவின் மேற்கே, சேஜ் க்ரீக் சாலையில் ராபர்ட்ஸ் பிரெய்ரி நாய் ஊர் என்று ஓரிடம். ஏக்கர் கணக்கில் மண்மேடுகள். இவை சுடப்படாத கூட்டம், அதனால் வித்தியாசம் உடனே தெரிந்தது. இருபது அடியில் நின்றாலும் ஓடவில்லை. இரண்டு சந்தித்தால் மூக்கும் பல்லும் உரசிக்கொள்கின்றன. சொந்தக்காரரா என்று அப்படித்தான் பார்த்துக்கொள்ளுமாம். இந்தத் தடவை நண்பரும் இறங்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். இவற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே நின்ற சுற்றுலாக்காரர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. எந்தக் குரல் பருந்துக்கு, எந்தக் குரல் நரிக்கு என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு சின்னப் பெண் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா, "நீங்கள் விஞ்ஞானியா?" என்றார். "இல்லை, கணக்குப் பிரிவு" என்றார் நண்பர். நானும் தம்பியும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

ஐந்து மணிக்கு மறுபடி பண்ணை. இந்தத் தடவை எனக்கு 22-250 வேண்டும் என்று நானே கேட்டேன். பெரிய சத்தம், மஃபைத் தாண்டி நெஞ்சில் வந்து அறைகிறது. உதை மான் துப்பாக்கி அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் விசையை அழுத்திய நொடியில் ஸ்கோப் எகிறி, வெறும் வானம் தெரிந்து, திரும்பி இறங்கும்போது அங்கே ஒன்றும் இல்லை. புல் மட்டும். நண்பர் தொலைநோக்கியிலிருந்து "பட்டது" என்பார், அல்லது "மேலே" என்பார். ரேடியோவில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி. எனக்கு வசதியாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு தடவை சுட்டிருப்பேன்.

அவர் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "தோளை இன்னும் ஒட்டி வை. எங்கே படுகிறது என்று நீதான் பார்க்க வேண்டும். நான் பார்த்துச் சொல்வதற்கு இல்லை."

தோளை ஒட்டி வைத்துச் சுட்டேன். எகிறல் பாதியாகக் குறைந்தது. தெரிந்தது.

அத்துடன் கதவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தேன். போதும் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இருட்டும் வரை சுட்டார், நான் தரையில் சிதறிக் கிடந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கினேன். குளிர்காலத்தில் மறுபடி நிரப்புவார். புல்லுக்குள் மஞ்சளாக மின்னும், கை வைத்தால் சில இன்னும் சூடாக இருக்கும். கொசு பிடுங்கித் தின்றது.

ஜூன் 23, ஞாயிறு. வீடு

பண்ணை வீட்டில் விடைபெறப் போனபோது அந்த அம்மா கழுவிய ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் காலையில் தோண்டி எடுத்திருக்கிறார்.

116-ஆம் விலகுபாதையில் ஒரு ஏவுகணைக் கிணறு. பனிப்போர்க் காலத்தில் இந்தப் புல்வெளிக்கு அடியில் 150 மினிட்மேன் ஏவுகணைகள் படுத்திருந்தன. ஒரு கிணற்றை மட்டும் கண்ணாடி மூடிபோட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை. எட்டிப் பார்த்த தம்பி, "இதைச் சுட்டாலும் எங்கே விழுதுன்னு தெரியாதுல்ல அண்ணே" என்றான். வேலியைச் சுற்றிலும் புல்தான்.

மிட்சலில் கார் கழுவ 12 டாலர் ஆனது. கம்போ பாதிதான் போனது. மீதியை நாளை கரண்டியால் சுரண்ட வேண்டும். மீந்த தோட்டா 340. எல்லாம் நண்பர் பெட்டிக்குள் போனது. என் சட்டைப் பையில் ஒன்றாவது தங்கிவிட்டதா என்று இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன், விசா பயம்.

என்னை இறக்கிவிட்டபோது நண்பர் அந்த நோட்டைப் பிரித்து ஒரு எண்ணைச் சொன்னார்.

இரவு பத்தரை. மனைவி தோசை வார்த்துப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, "எத்தனை?" என்றாள். ரூபார்ப் பை பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், மாங்காய்ப் பச்சடி மாதிரி இருந்தது என்று. முழுக்கக் கேட்டாள். இதை எப்படியும் படிப்பாள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்: 23.